சொல்லாமல் விட்டது எது? அணி இலக்கணம் பிடிபட்ட கதை

உறவுக்காரப் பிள்ளைகளுக்கு மாலை நேரங்களில் தமிழ்ப்பாடம் சொல்லிக்கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். அதில் எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் மிரளும் இடம் அணி இலக்கணம். உவமை, உருவகம், பிறிதுமொழிதல், தற்குறிப்பேற்றம் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கம், ஒரு சான்று. விளக்கத்தை ஒப்பிப்பார்கள், சான்றையும் ஒப்பிப்பார்கள். புதிதாக ஒரு பாட்டைக் கையில் கொடுத்தால் மட்டும் தடுமாறுவார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் இது நடக்கிறது என்பதால், கற்றுக்கொடுக்கும் வரிசையில்தான் ஏதோ சரியில்லை என்று எனக்கு வெகுநாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

என் அண்ணன் மகள் கேட்ட ஒரு கேள்விதான் அந்த வரிசையை மாற்ற வைத்தது. "அத்தை, 'போல' வந்தா உவமை, வராட்டி உருவகம்னு படிச்சோம். 'அகர முதல எழுத்தெல்லாம்' குறள்ல 'போல' இல்லையே, அப்போ அது உருவகமா?" என்றாள். அருமையான கேள்வி. அந்தக் குறளில் இருப்பது எடுத்துக்காட்டு உவமையணி. 'போல' இல்லாவிட்டாலும் அது உவமைதான். அப்படியென்றால் 'போல' என்ற ஒரு சொல்லை மட்டும் தேடுவது போதாது. ஓர் ஒப்பீட்டில் மொத்தம் என்னென்ன இருக்க வேண்டும், இந்தப் புலவர் அதில் எதைச் சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று பார்க்க வேண்டும். அன்றிலிருந்து நான் அணிகளை இந்தக் கேள்வியை வைத்தே சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் கடைசியில்தான் வரும்.

முழுதாகச் சொன்ன ஒப்பீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை'. ஓர் உவமைக்கு வேண்டிய நான்கும் இதில் இருக்கின்றன. நிலம், அது உவமை. இகழ்பவரைப் பொறுத்துக்கொள்ளும் மனிதர், அவர் உவமேயம், அதாவது புலவர் உண்மையில் பேச வந்த பொருள். இரண்டுக்கும் பொதுவான தன்மை, தாங்குவது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் 'போல', அது உவம உருபு. அன்ன, ஒப்ப, புரைய, நிகர்ப்ப, மான என்று வருகிறவையும் உருபுகளே. பழம்பாடல்களில் 'அன்ன' அடிக்கடி வரும், அதைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

நான்கையும் பிரித்து எழுதியதும் பிள்ளைகள் பேனாவை மூடிவிடப் பார்ப்பார்கள். அங்கேதான் கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும். பொறுமைக்கு உவமை சொல்ல எத்தனையோ இருக்க, ஏன் நிலம்? தோண்டுகிறவன் எங்கே நின்று தோண்டுகிறான்? அந்த நிலத்தின் மேலேயேதான். காயப்படுத்துகிறவனையே, அவன் காயப்படுத்திக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே, அது தாங்குகிறது. வெறும் 'பொறுமை' என்ற சொல்லுக்குள் இது இல்லை. உவமையை எடுத்துவிட்டு 'இகழ்பவரைப் பொறுத்துக்கொள்' என்று மட்டும் எழுதிப் பார்த்தால் எது போய்விட்டது என்று தெரியும். எந்த அணியைப் பார்த்தாலும் அதை எடுத்துவிட்டு ஒருமுறை படிக்கச் சொல்வேன். என்ன குறைகிறது என்று சொல்லத் தெரிந்தால் அணி புரிந்துவிட்டது.

தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வைத்திருக்கிறார். ஒப்புமை எதன் வழியாக வரலாம் என்பதை அவர் 'வினைபயன் மெய்உரு' என்று நான்காகச் சொல்கிறார். செய்யும் செயல், விளையும் பயன், வடிவம், நிறம். இந்த நான்கும் கையில் இருந்தால் 'பொதுத்தன்மை எது' என்று முழிக்க வேண்டியதில்லை. நிலம் தாங்குகிறது, இது வினை. மழை போன்ற கொடை என்றால் பயன். துடி போன்ற இடை என்றால் வடிவம். பவளம் போன்ற வாய் என்றால் நிறம். இத்தனை பழைய நூலில் இவ்வளவு கைக்கடக்கமான கருவி இருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

சரி, இனி ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வரலாம்.

முதலில் உருபை எடுத்துவிடுவோம். 'அகர முதல எழுத்தெல்லாம். ஆதிபகவன் முதற்றே உலகு'. இரண்டு வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நடுவில் 'அதுபோல' என்று நாம் சேர்த்துப் படித்தால் கச்சிதமாக உட்காருகிறது. அப்படி உட்கார்ந்தால் அது எடுத்துக்காட்டு உவமை. இந்த ஒரு சோதனையே போதும்.

அடுத்தது உருவகம். இதில் விடுபடுவது உருபு மட்டுமில்லை, உவமையும் பொருளும் வேறு வேறு என்ற எண்ணமே விடுபட்டுவிடுகிறது. இரண்டும் ஒன்று என்று அடித்துச் சொல்லியாகிவிட்டது. தமிழில் சொற்களின் வரிசையே இதைக் காட்டிக்கொடுக்கும். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமை முன்னால் நிற்கிறது. முகமலர் என்றால் முகமாகிய மலர், பொருள் முன்னால் வந்துவிட்டது. பவளவாய், வாய்ப்பவளம் என்பதும் அப்படித்தான். இதோடு இன்னொரு சோதனையையும் நான் சொல்லிக்கொடுப்பேன்: வாக்கியத்தின் வினைச்சொல் யார் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற அடியில் நீந்துவது கடலுக்குத்தான் பொருந்தும், பிறவியை யாரும் நீந்துவதில்லை. வினை முழுக்க உவமையின் பக்கம் சாய்ந்துவிட்டால், புலவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று அர்த்தம்.

அதே குறளில் இன்னொரு விடுபடலும் இருக்கிறது. பிறவியைக் கடலாக்கியவர், இறைவன் அடியைத் தெப்பமாக்கியிருக்கலாம். செய்யவில்லை. 'நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேராதார்' என்று நிறுத்திவிட்டார். தெப்பத்தை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு பக்கத்தை உருவகம் செய்து அதோடு தொடர்புடைய மறுபக்கத்தைச் செய்யாமல் விடுவது ஏகதேச உருவகம். இந்தப் பெயரைக் கேட்டாலே பயப்படுகிற பிள்ளைகள், 'தெப்பம் எங்கே போச்சு?' என்று கேட்டுப் பார்த்த பிறகு பயப்படுவதில்லை.

இன்னும் ஒரு படி இறங்கினால், பேச வந்த பொருளே காணாமல் போகிறது. 'பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்'. மயிற்பீலி ஏற்றிய வண்டியானாலும், அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். அவ்வளவுதான் குறள். வண்டியைப் பற்றியா வள்ளுவர் பேசுகிறார்? அதிகாரத் தலைப்பைப் பாருங்கள்: வலியறிதல். எளியவர்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் எல்லாரும் சேரும்போது வலியவனும் முறிந்துபோவான். உவமையை மட்டும் சொல்லிப் பொருளைச் சொல்லாமல் விடும் இது பிறிதுமொழிதல் அணி. 'நெடும்புனலுள் வெல்லும் முதலை' என்று தொடங்கும் குறளும் இந்த வகைதான், அதன் அதிகாரம் இடனறிதல். திருக்குறளில் இப்படி ஒரு குறள் விலங்கையோ வண்டியையோ மட்டும் பேசிவிட்டு முடிந்துபோனால், விடுபட்டதை அதிகாரத்தின் பெயரில் தேடுங்கள்.

பிறிதுமொழிதல் நமக்கு அந்நியமான பொருளும் இல்லை. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்று வீட்டில் ஒருவர் சொன்னால், யாரைச் சொல்கிறார் என்று ஆளுக்கொரு பக்கம் பார்ப்போம். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றால் யானையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பழமொழிகள் பெரும்பாலும் இந்த அணியில்தான் உயிர்வாழ்கின்றன. பொருளைச் சொல்லாமல் விட்டதால்தான் ஒரே பழமொழி எத்தனையோ பேருக்கும் எத்தனையோ சமயத்துக்கும் பொருந்துகிறது. பிள்ளைகளை இரண்டு பழமொழி சொல்ல வைத்து, அதன் பிறகு குறளுக்குப் போனால் பாடம் தானாக நடக்கும்.

இனி வருவது என் மனசுக்கு மிகவும் நெருங்கிய இடம். ஒப்பீடு நடக்கிறது என்ற அடையாளமே இல்லாத ஒப்பீடு, உள்ளுறை உவமம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டு, ஆலங்குடி வங்கனார் பாடியது. தலைவன் நாடிப்போன பரத்தை பேசுகிறாள், தலைவியைச் சேர்ந்தவர்கள் காதில் விழும்படி. 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று ஆரம்பிக்கிறாள். வயலோர மாமரத்திலிருந்து பழுத்து விழும் இனிய பழத்தைப் பொய்கையில் இருக்கும் வாளைமீன் கவ்விக்கொள்ளும், அப்படிப்பட்ட ஊரைச் சேர்ந்தவன். கேட்டால் ஊர் வர்ணனை மாதிரிதான் இருக்கிறது. 'போல' இல்லை, 'அதுபோல' சேர்க்கவும் இடமில்லை.

இதை முதலில் படித்துக்காட்டியபோது அண்ணன் மகள், "நல்ல செழிப்பான ஊர் போல" என்றாள். தப்பில்லை. சரி, மீன் அந்தப் பழத்துக்காக என்ன பாடுபட்டது என்று கேட்டேன். ஒன்றும் படவில்லை, பழம் தானாக விழுந்தது, மீன் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ மீன் யாரு அத்தை?" என்றாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் உள்ளுறை பிடிபட்டுவிட்டது. 'நான் அவனைத் தேடிப் போகவில்லை, மயக்கவில்லை, அவனாகத்தான் வந்தான்' என்று அவள் மரத்தையும் மீனையும் வைத்துச் சொல்லிவிட்டாள்.

பாட்டு அதோடு நிற்கவில்லை. எங்களிடம் வந்தால் பெரிய பேச்சு பேசுவான், தன் வீட்டிலோ 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல' தன் மகனின் தாய் விரும்பியதையெல்லாம் செய்வான் என்கிறாள். ஆடிப் பாவை என்றால் கண்ணாடியில் தெரியும் உருவம். நாம் கையைத் தூக்கினால் அதுவும் தூக்கும். இங்கே 'போல' பளிச்சென்று நிற்கிறது. ஆறே அடியில் ஓர் உவமை ஒளிந்திருக்கிறது, ஓர் உவமை வெளியே நிற்கிறது. ஏன் இப்படி? என் வாசிப்பு இது: அவனைக் கேலி செய்வதை அவள் எல்லாருக்கும் கேட்கும்படி வெளிப்படையாகச் சொல்கிறாள். தன்னைப் பற்றிய நியாயத்தை, புரிகிறவர்களுக்கு மட்டும் புரியட்டும் என்று மரத்தடியில் மறைத்து வைக்கிறாள். வேறு விதமாகவும் ஒருவர் வாசிக்கலாம். ஆனால் 'ஏன் இங்கே மறைவு, ஏன் அங்கே வெளிப்படை' என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தப் பாட்டைத் தாண்டிப் போகக் கூடாது.

தொல்காப்பியர் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என்று இரண்டாகப் பிரிக்கிறார். உள்ளுறை, தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை, அதாவது அந்த நிலத்தின் மரம், விலங்கு, பறவை, மீன், தொழில் போன்றவற்றை இடமாகக் கொண்டு வரும் என்கிறார். இதிலிருந்து எனக்குக் கிடைத்த நடைமுறை வழி ஒன்று உண்டு. சங்க அகப்பாட்டில் ஊரன், நாடன், துறைவன், சேர்ப்பன் என்று தலைவனைக் குறிக்கும் சொல் வந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். அதற்கு முன்னால் உள்ள வர்ணனையைத் தனியே எடுத்து, அதில் யார் யாருக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்வேன். மீன் பழத்தைக் கவ்வுகிறது, குரங்கு பாய்கிறது, கிளை ஒடிகிறது, எதுவானாலும். பிறகு அந்த வரியைத் தலைவன் தலைவி கதையின்மேல் வைத்துப் பார்ப்பேன். எல்லா வர்ணனையிலும் உள்ளுறை இருக்கும் என்று வலிந்து தேடவும் கூடாது. பொருந்தவில்லை என்றால் விட்டுவிடலாம், வர்ணனைக்கு வர்ணனையாக இருக்கவும் உரிமை உண்டு.

ஆக முழு உவமை, எடுத்துக்காட்டு உவமை, உருவகம், ஏகதேசம், பிறிதுமொழிதல், உள்ளுறை என்று வரிசையாக வந்தால், ஒவ்வொரு படியிலும் புலவர் பேசுவது குறைகிறது, கேட்பவர் செய்ய வேண்டிய வேலை கூடுகிறது. இந்த வரிசை எந்த இலக்கண நூலிலிருந்தும் எடுத்ததில்லை. சொல்லிக்கொடுக்க வசதியாக நான் அடுக்கிக்கொண்டது.

மற்ற அணிகளுக்கு இந்தக் கேள்வி அப்படியே பொருந்தாது, அவற்றுக்கு வேறு கேள்விகள் வேண்டும். தற்குறிப்பேற்றத்துக்கு 'இது எப்படியும் நடந்திருக்குமா?' என்று கேட்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் நுழையும்முன், கோட்டைக் கொடிகள் 'வாரல்' என்று சொல்வதுபோல் கையசைத்தன என்கிறார் இளங்கோவடிகள். காற்றடித்தால் கொடி அசையத்தான் செய்யும். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல், இல்லாத ஒரு காரணத்தைக் கவிஞர் ஏற்றிச் சொல்வதுதான் இந்த அணி. 'நிலா சிரித்தது' என்று சும்மா சொன்னால் மனிதத் தன்மையை ஏற்றியதோடு சரி, அதில் காரணம் இல்லை. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்வதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியம், கொடி எதற்காக அங்கே 'வராதே' என்கிறது என்பது. அவர்களுக்குத் தெரியாத முடிவு நமக்குத் தெரியும். அந்த அணி அங்கே இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை.

சிலேடைக்கு வாய்விட்டுப் படிப்பதே வழி. காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் வைத்தார். 'ஆடிக் குடத்தடையும் ஆடும்போ தேஇரையும்' என்று அது தொடங்கும். பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுக் குடத்துக்குள் போகும், ஆடும்போது சீறும். எள் செக்கில் ஆட்டப்பட்டு எண்ணெயாகிக் குடத்துக்குள் போகும், ஆட்டும்போது செக்கு இரையும். பிண்ணாக்கு என்று வரும் இடத்தில் பாம்புக்குப் பிளவுபட்ட நாக்கு, எள்ளுக்கு எண்ணெய் எடுத்த பிண்ணாக்கு. இதைச் சொல்லிக்கொடுக்கும் நாளில் யாரையும் அதட்ட வேண்டியதே இல்லை, பிள்ளைகளே ஒவ்வொரு சொல்லாக உடைத்துப் பார்ப்பார்கள்.

வஞ்சப்புகழ்ச்சிக்குப் பாடநூல்களில் வழக்கமாக வரும் சான்று 'தேவர் அனையர் கயவர்' என்ற குறள். தேவர்களைப்போலவே கயவர்களும் தாம் நினைத்ததைச் செய்கிறார்களாம். நல்ல சான்று. ஆனால் புறநானூற்றில் அதியமானுக்காகத் தூது போன ஔவையார், அவனுடைய பகை அரசன் தொண்டைமானிடம் பேசியதையும் சேர்த்துச் சொன்னால்தான், இந்த அணி வெறும் அலங்காரம் இல்லை என்று தெரியும். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுள்ள அரண்மனையில் பத்திரமாக இருக்கின்றன. அதியமானுடையவையோ, பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. மேலோட்டமாகக் கேட்டால் இது புகழ்ச்சி, அது குறை. உள்ளே நேர்மாறு: உன் ஆயுதங்கள் போர் பார்த்ததே இல்லை, அவனுடையவை ஓய்ந்ததே இல்லை. பகை அரசனின் அவையிலேயே நின்றுகொண்டு, ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் இதைச் சொல்லியிருக்கிறார். நேராகச் சொல்ல முடியாத இடத்தில் உண்மையைச் சொல்ல அணி எப்படிக் கைகொடுக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த உதாரணம் இல்லை.

மேடைப் பேச்சுக்கும் கட்டுரைக்கும் தயாராகிற பிள்ளைகளுக்கு நான் குறளையே எடுத்துக்கொடுப்பேன். 'இல்லதென் இல்லவள் மாண்பானால்' என்று கேள்வி கேட்டு, பதிலைக் கேட்பவர் மனசிலேயே எழ வைப்பது ஒரு முறை. 'எல்லா விளக்கும் விளக்கல்ல' என்று ஒரே சொல்லை ஒரே பொருளில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து பதிய வைப்பது இன்னொன்று, அதற்குச் சொற்பொருள் பின்வருநிலை என்று பெயர். 'அன்பும் அறனும்' என்று அடுக்கி, 'பண்பும் பயனும்' என்று அதே வரிசையில் முடிப்பது நிரல்நிறை. அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். பேச்சில் நிரல்நிறையை அளவாகப் பயன்படுத்தச் சொல்வேன். இரண்டுக்கு மேல் அடுக்கினால் காதால் கேட்பவர்களுக்கு எது எதோடு சேர்கிறது என்று நினைவில் நிற்காது.

புதுக்கவிதைக்கு வந்தால் படிமம், குறியீடு என்ற இரண்டையும் பிரித்துக்கொள்வது முக்கியம். ஒரு காட்சி கண்முன் வந்து நின்று, அதுவே உணர்வைத் தந்துவிட்டால் படிமம். அதே பொருள் கவிதையில் திரும்ப வந்து, வரும்போதெல்லாம் தன்னைவிடப் பெரிய ஒன்றைச் சுமந்து வந்தால் குறியீடு. கவிதைக்குக் கவிதை இது மாறும், ஒன்றில் படிமமாக இருந்த கதவு இன்னொன்றில் குறியீடாக இருக்கும்.

பெயர்களில் கருத்து வேறுபாடு வரும், அதற்குப் பதற வேண்டாம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் பொருளணிகளை, அதாவது பொருளால் அமையும் அணிகளை, 35 ஆக வகுக்கிறது. பிற்காலத்து மாறனலங்காரத்தில் அந்த எண்ணிக்கை 64 ஆகிவிடுகிறது. நூலுக்கு நூல் எல்லைக்கோடு நகரும்போது, ஒரே வரிக்கு இரண்டு பெயர் பொருந்துவது இயல்புதான். தேர்வில் எழுதும்போது பெயரை மட்டும் எழுதிவிட்டு நகராமல், பாட்டில் எந்தச் சொல் அந்த அணியைக் காட்டுகிறது என்று சுட்டி, அது என்ன செய்கிறது என்பதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அந்த ஒரு வரிதான் புரிந்து எழுதியதா, ஒப்பித்து எழுதியதா என்பதைத் திருத்துகிறவருக்குக் காட்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் திருக்குறளின் நாற்பதாம் அதிகாரம், கல்வி. பத்துக் குறளையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, எதில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள். 'உடையார்முன் இல்லார்போல்' என்பதில் உருபு இருக்கிறது. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' குறளில் உருபு இல்லை, 'அதுபோல' சேர்த்துப் பாருங்கள், உட்காரும். 'சாந்துணையுங் கல்லாத வாறு' என்று முடியும் குறளில் ஒரு கேள்வி இருக்கிறது. 'முகத்திரண்டு புண்ணுடையர்' என்கிற இடத்தில் கண் புண்ணாகவே மாறிவிட்டது. 'கற்க கசடற' குறளில் ஒப்பீடே கிடையாது, கற்க, கற்பவை, கற்றபின் என்று ஒரே வினையின் ஓசைதான் திரும்பத் திரும்பத் தட்டுகிறது. அந்தக் குறளில் உவமை எதையும் வைக்காமல் வள்ளுவர் ஏன் நேராகக் கட்டளையிட்டார் என்பதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.